இரண்டு உடைந்த அலகுகள்

துப்பறிவாளர் ஊசிக்கு வெட்கப்படவே தெரியாது என்று அவருடைய உதவியாளர் வாலு பல இடங்களில் சொல்லியிருக்கிறாள். அன்று மதியம் வரைக்கும் அது உண்மையாகத்தான் இருந்தது.

காலை பத்து மணிக்கு மனிதர் அலுவலக மேசையில் ஒரு பென்சில் படத்தை விரித்து வைத்து, நாலு மூலைக்கும் நாலு டீ கோப்பைகளைப் பாரம் வைத்து, அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார். ஊசி என்பது ஊர் வைத்த பெயர். குத்தினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்பதால் வைத்தார்களாம். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வாலுவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு விளக்கம் தேவையில்லை, பத்து நிமிஷம் அவளோடு பேசினால் போதும். முன்பு நீதிமன்ற வாசலில் தட்டச்சு மிஷினோடு உட்கார்ந்திருந்தவள். ஊரின் பொய்களையெல்லாம் மூன்று நகல் அடித்து அடித்து, எதையும் சட்டென்று நம்பாத சுபாவம் வந்துவிட்டது.

"சார், நாலு நாளா அதையே பார்க்கறீங்க. கட்டின பொண்டாட்டியைக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டீங்க."

ஊசி நிமிரவில்லை. படம் அப்படிப்பட்டது. ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றின் மரச் சட்டம். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் நடுவே ஒரு மெல்லிய கோடு தவிர வெறும் வெள்ளைத் தாள், வேலை முழுவதும் அதைச் சுற்றித்தான். உச்சியில் ஒரு மொட்டு. அதிலிருந்து இரண்டு பக்கமும் கொடி இறங்குகிறது. இலைக்கு இலை நரம்பு வேறு. இரண்டு பக்கத்திலும் ஓர் இலையின் நுனியை, பூச்சி தின்ற மாதிரி தச்சன் விளையாட்டாகச் செதுக்கியிருக்க, வரைந்தவர் அந்தப் பூச்சிக் கடியையும் விடவில்லை. உளி வழுக்கிய கீறல், வார்னீஷ் திரண்டு நின்ற சொட்டு, கிளை முளைத்த இடத்தில் மரத்தில் நிற்கும் கண் என்று ஒன்றையும் விடவில்லை. கொடி கீழே வந்து முடியும் இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பறவைகள். இறகை விரலால் தடவினால் சொரசொரக்கும் போலிருக்கும். இரண்டுக்கும் அலகின் நுனி உடைந்திருந்தது.

அந்த அலகுகளில்தான் வழக்கே நின்றது.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய வீட்டு அம்மாள், அப்பா இறந்த பிறகு தான் பிறந்து வளர்ந்த அந்த வீட்டுக்கே திரும்பக் குடிவந்தவர், பரம்பரை நிலைக்கண்ணாடியை பாலீஷ் போடக் கொடுத்தார். பாலீஷ்காரர் மூன்று வாரம் தான் வாடகைக்கு எடுத்த பட்டறையில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். வந்த சாமானைப் பார்த்த அம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. நிறம் புதுசாக இருக்கிறது, இது அப்பாவுடையது இல்லை, அசலை விற்றுவிட்டுப் போலியை அனுப்பிவிட்டான் என்று சந்தேகம். ஊசியைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா, வீட்டு மரச் சாமான்களையெல்லாம் ஒரு வரைபடக்காரரை வைத்துப் படம் வரைந்து வைத்திருந்தது ஊசி கண்ணில் பட்டது. நாலு நாளைக்கு முன்னால் அந்த வரைபடக்காரரையும் கூடத்துக்கு வரவழைத்து, எல்லாம் நேரில் பார்த்து வரைந்ததுதானே என்று எல்லார் முன்னாலும் கேட்டார், அவரும் ஆமாம் என்றார். படத்தில் இரண்டு அலகும் உடைந்திருக்கின்றன. கூடத்தில் நிற்கும் கண்ணாடியிலோ வலது அலகு மட்டும்தான் உடைந்திருக்கிறது, இடது அலகு முழுசாக இருக்கிறது. உடைந்த அலகு தானாக வளராது. ஆக, போலி செய்தவன் ஒரு மூக்கை உடைக்க மறந்துவிட்டான் என்று ஊசி கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார். அதைச் சொன்ன அழகில் அம்மாள் கை தட்டிவிட்டார்.

பாலீஷ்காரரும் அங்கேதான் இருந்தார். "நான் மாத்தலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னதோடு சரி. அறுபது வயது ஆள். பட்டறைச் சொந்தக்காரர் அன்றே பட்டறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். இன்று மாலை நாலு மணிக்குக் காவல் நிலைய எழுத்தர் அம்மாள் வீட்டுக்கு வந்து புகாரில் கையெழுத்து வாங்கி, ஆளை அழைத்துப் போகிறார். படத்தில் உள்ளதெல்லாம் கண்ணால் பார்த்து வரைந்தது என்று வரைபடக்காரரிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் ஊசியின் வேலை முடிந்தது.

வாலு படத்தை எட்டிப் பார்த்தாள்.

"வலது பக்கம், மூணாவது இலைக்குக் கீழே மரத்துல ஒரு கண் இருக்கு பாருங்க. இடது பக்கமும் அதே இடத்துல அதே கண். மரம் இரட்டைப் பிள்ளை பெத்துதா சார்?"

ஊசி சிரித்தார். ஒரே பலகையை நடுவில் அறுத்துப் புத்தகம் மாதிரி விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே கண்தான் வரும், நல்ல தச்சர்கள் செய்கிற வேலை அது என்று விளக்கினார். வீட்டில் நிற்கும் கண்ணாடியில் இடது பக்கம் அந்தக் கண் இல்லை என்பதையும் நினைவுபடுத்தினார். போலி என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

"நீங்க சொன்னா மரமே ஒத்துக்கும்" என்று வாலு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வரைபடக்காரர் வீடு ஒரு குறுகலான தெருவில், இரண்டாவது மாடியில் இருந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டரை மணி, ஆள் வீட்டில் இல்லை. தாள் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று அவர் மனைவி உட்காரச் சொன்னார். கணவரின் படத்தைப் பார்க்க வந்தவர்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சந்தோஷம், டீ போட உள்ளே போனார். வழக்கு என்கிற பேச்சே அவர் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. சாட்சி சொன்னவர் வீட்டில் வாய் திறக்கவில்லையே என்று ஊசிக்கு ஒரு கணம் தோன்றியது. அடக்கமான மனுஷன் என்று அதற்கும் அவரே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டார்.

வாலு வழக்கம்போல் சுவரைத்தான் ஆராய்ந்தாள். சுவரில் ஒரு கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளை, பெண், இரண்டு பக்கமும் பெற்றவர்கள்.

"சார், இங்கே வாங்க. பெண்ணுக்குப் பக்கத்துல நிக்கிறது யாருன்னு பாருங்க."

ஊசி பார்த்தார். புதுச் சட்டை, படிய வாரிய தலை. ஆனாலும் அந்தக் கைகளைத் தெரியாமல் போகாது, நகக்கண்ணெல்லாம் பாலீஷ் ஏறிக் கறுத்த கைகள். பாலீஷ்காரர்.

டீயோடு வந்த அம்மாள் விளக்கம் சொன்னார். "அவரா? எங்க சம்பந்தி. அவர் பொண்ணைத்தான் எங்க பையனுக்கு எடுத்திருக்கோம். மூணு வருஷம் ஆச்சு. தங்கமான பொண்ணு. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்காங்க."

ஊசியும் வாலுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவரும் சாட்சி சொன்னவரும் சம்பந்திகள். நாலு நாளைக்கு முன்னால் அதே கூடத்தில் இருவரும் பத்தடி தூரத்தில் நின்றார்கள். ஒரு வணக்கம்கூட இல்லை. அம்மாள் உள்ளே போனதும் வாலு குரலைத் தாழ்த்தினாள்.

"கூட்டுக் களவா இருக்குமோ?"

"கூட்டுன்னா சம்பந்தியைக் காப்பாத்தற மாதிரில்ல பேசியிருக்கணும்? இவர் சொன்ன ஒரு 'ஆமாம்'லதான் அவர் மாட்டினாரு."

"அப்போ சண்டையா?"

சண்டையென்றால் போட்டோ கூடத்தில் தொங்காது. அம்மாள் 'தங்கமான பொண்ணு' என்றும் சொல்லமாட்டார். ஊசிக்கு நாலு நாளில் முதல் தடவையாக ஏதோ இடறியது. யோசித்துக்கொண்டே டீயில் சர்க்கரை போடக் கரண்டியை எடுத்தார். எடுத்தவர் அதையே பார்த்தபடி இருந்தார்.

கரண்டியின் பிடி முழுக்க பென்சில் கரி. முதுகு, அதாவது குழிவுக்குப் பின்பக்கம், தேய்ந்து தட்டையாகி, பளபளவென்று இருந்தது. சர்க்கரை கலக்கித் தேய்கிற இடம் அதுவல்ல.

அம்மாள் அதைக் கண்டதும் பதறிப்போய் வாங்கிக்கொண்டார். "ஐயோ, இது அவரோட கரண்டி. அவசரத்துல மேசையிலேருந்து எடுத்துட்டேன். நல்ல கரண்டியா பார்த்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு, கேட்டா வேலைக்கு வேணும்பாரு."

"படம் போட எதுக்கும்மா கரண்டி?" என்று கேட்டாள் வாலு.

"தேய்க்கறதுக்குத்தான். எப்பவும் பாதிப் படம்தான் போடுவாரு. அப்புறம் தாளை நடுவுல மடிச்சு, கரண்டி முதுகால தேய்ச்சா மறுபாதி லேசா விழுந்துடும். அதுமேல பென்சில் ஓட்டிடுவாரு. கதவு, நாற்காலி, கட்டில், எல்லாம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை பார்க்கணும்னு சொல்வாரு."

சொல்லிவிட்டு அவர் வேறு கரண்டி எடுக்கப் போனார். வாலு படம் இருந்த பையை ஊசி பக்கம் நகர்த்தினாள்.

ஊசி பையிலிருந்து படத்தை எடுத்தார். மொட்டுக்கு நேர் கீழே, சட்டத்தின் நடுவே, மேலிருந்து கீழ்வரை போன மெல்லிய கோட்டை, கண்ணாடியின் பளபளப்பைக் காட்டப் போட்ட கோடு என்று நாலு நாளாக ரசித்துக்கொண்டிருந்தார். விரலால் தடவினார். அது கோடில்லை, மடிப்பு. அந்த மடிப்பிலேயே தாளை மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இலைமேல் இலை உட்கார்ந்தது. பூச்சிக் கடிமேல் பூச்சிக் கடி. கண்மேல் கண். வலது பறவையின் உடைந்த அலகு இடது பறவையின் உடைந்த அலகுமேல் இம்மி பிசகாமல் பொருந்தியது.

உடைந்தது ஒரே ஓர் அலகுதான். இரண்டாவது அலகை உடைத்தது கரண்டி.

கூடத்தின் நடுவில் நின்று தான் பேசியதும், அம்மாள் கை தட்டியதும், அந்தக் கைதட்டலுக்குத் தான் லேசாகத் தலை சாய்த்ததும், ஒவ்வொன்றாக வந்து ஊசியின் முகத்தில் அறைந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வாலு காலையிலேயே இரட்டைப் பிள்ளை என்று சொன்னாள். அதைச் சிரித்து ஒதுக்கி, அவளுக்குத் தச்சு வேலைப் பாடம் வேறு எடுத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வரைபடக்காரர் சுருட்டிய தாளோடு உள்ளே வந்தார். ஊசியையும், அவர் கையில் மடிந்திருந்த படத்தையும் பார்த்தார். அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மறைக்கவோ மழுப்பவோ அவர் முயலவில்லை. மனைவிக்குக் கேட்காதபடி மாடி வராந்தாவுக்கு அவர்களை அழைத்துப் போனார்.

படம் வரைந்த அன்றைக்கு அந்த நிலைக்கண்ணாடியின் இடது பக்கத்தை ஓர் அலமாரி மறைத்துக்கொண்டிருந்ததாம். அலமாரியை நகர்த்துங்கள் என்று அவ்வளவு பெரிய மனிதரிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். தெரிந்த பாதியை வரைந்தார், மீதியை மடித்து எடுத்தார். பன்னிரண்டு வருஷம் அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வரவில்லை.

"நான் கேட்டப்போ ஏன் சொல்லலை?" என்றார் ஊசி. கோபமாகக் கேட்க நினைத்தார், குரலில் கோபம் வரவில்லை.

வரைபடக்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் என்னைப் புகழ்ந்தீங்க சார். ஒவ்வொரு இலையும் கண்ணால தொட்டுப் பார்த்து வரைஞ்சதுன்னு சொன்னீங்க. இப்படி ஒரு கை இந்த ஊர்ல இருக்கறதே தெரியலைன்னு சொன்னீங்க. முப்பது வருஷமா இந்த வேலை பார்க்கறேன், ஒருத்தர் சொன்னதில்லை. அப்புறம் எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, எல்லாம் நேர்ல பார்த்து வரைஞ்சதுதானேன்னு கேட்டீங்க. ஆமான்னுட்டேன். அதுக்கப்புறம்தான் நீங்க அந்த மூக்கைப் பத்திச் சொன்னீங்க. எனக்குப் பேச்சு எழலை. சம்பந்தி வேற, திருட்டுப் பேச்சு நடக்கற இடத்துல உறவு தெரிய வேண்டாம்னு நான் வந்ததுமே முகத்தைத் திருப்பிக்கிட்டாரு."

அப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டது ஊசிக்கு நன்றாக நினைவிருந்தது. அதைத்தான் அடக்கம் என்று எண்ணி, அதையும் சேர்த்துப் பாராட்டியிருந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலமே சம்பந்தி வீட்டுக்குப் போனேன். கால்ல விழப் போனேன், விடலை. நாளைக்கே வந்து சொல்லிடறேன்னு சொன்னேன். நீங்க வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. ஏன்னு அவர்கிட்டயே கேளுங்க. என் வாயால சொல்ல முடியாது. அவர் சொன்னதைச் சாக்கா வெச்சுக்கிட்டு நாலு நாளா சும்மா இருந்தேன் பாருங்க, அதுதான் என்னைத் தின்னுது."

மூன்று பேரும் ஒரே வாடகைக் காரில் கிளம்பினார்கள். வரைபடக்காரர் முன்னால் உட்கார்ந்தார். வழியெல்லாம் ஊசி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பத்து கடை தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"சாட்சியம் போதலைன்னு சொல்லிடலாமா? புகார் நின்னுடும். இவர் பேரும் வெளியே வராது."

வாலு திரும்பினாள். "உங்க பேரும் வராது."

ஊசி மறுபடி வெளியே திரும்பிக்கொண்டார், வாலு விடவில்லை.

"போதலைன்னு சொன்னா அந்தம்மா என்ன நினைப்பாங்க சார்? திருடினது நிஜம், பிடிக்கத்தான் முடியலைன்னு நினைப்பாங்க. பட்டறைக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுப்பாரா? அந்த மனுஷன் சாகிற வரைக்கும் பாதித் திருடனா சுத்தணும். பாதிப் படம் போட்டு வந்த வினை போதாதா, நாமளும் பாதி உண்மை சொல்லணுமா?"

அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகம் உறைத்தது. ஊசி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகிற இடம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டார்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கூடத்தில் எழுத்தர் காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். அம்மாள் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பாலீஷ்காரர் சுவரோரம் நின்றிருந்தார். போட்டோவில் பார்த்த அதே கல்யாணச் சட்டை, மாற்றுத் துணி வைத்த ஒரு துணிப்பை. போகிற இடத்துக்குத் தயாராக வந்திருந்தார். சம்பந்தியைக் கண்டதும் அவர் முகம் மாறியது. வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார்.

ஊசி அன்றைக்கு நின்ற அதே இடத்தில் வந்து நின்றார். அன்றைக்கு அந்த இடம் அவருக்கு மேடையாக இருந்தது. படத்தை மடித்துக் காட்டினார். மடிப்பைச் சொன்னார், அலமாரியைச் சொன்னார், கரண்டியைச் சொன்னார்.

"வரைஞ்சவர் பேர்ல பழியைப் போட்டுட்டு நான் தப்பிச்சுக்க மாட்டேன்மா. படத்தைச் சாட்சியாக்கினது நான். சந்தேகம் கேட்ட என் உதவியாளர் வாயை அடைச்சது நான். ஒரு குற்றமும் பண்ணாத மனுஷனை உங்க எல்லார் முன்னாடியும் திருடன்னு சொன்னதும் நான்தான்."

அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. வரைபடக்காரர் முன்னால் வந்து, படம் தன்னுடையது, பொய்யும் தன்னுடையது என்று சொல்லிவிட்டு, சம்பந்தியைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுத்தர் மட்டும் அசையவில்லை. அந்த மனிதருக்கு இதெல்லாம் தினப்படி வேலை. படம் தப்பு என்று ஆகிவிட்டது, சரி. அதனாலேயே கண்ணாடி அசல் என்று எப்படி ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஊசியிடம் அதற்குப் பதில் இல்லை. இருந்திருக்க வேண்டும். நாலு நாள் படத்தோடு உட்கார்ந்திருந்தவர், கண்ணாடியோடு நாலு நிமிஷம்கூட உட்காரவில்லை. இடது அலகைக்கூட முழங்கால் வலிக்குப் பயந்து வாலுவைத்தான் குனிந்து பார்க்கச் சொன்னார்.

பாலீஷ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இனிமே சொல்றதுல தப்பில்லைன்னு நினைக்கிறேன். அம்மா, இடது பக்கப் பறவையோட வாலுக்குப் பின்னால விரலை விட்டுப் பாருங்க. உள்பக்கமா."

அம்மாள் புரியாமல் போய், கண்ணாடியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். விரலை உள்ளே விட்டார். விட்ட விரல் அங்கேயே நின்றது.

"பல் பதிஞ்சிருக்கும். சின்னப் பல்லு. மேலே ரெண்டு, கீழே ரெண்டு. தவழற குழந்தை கடிச்சது. பழைய வார்னீஷ் அந்தக் குழியிலயும் போயிருக்கு, அதனால ரொம்ப வருஷத்துக் கடி. பட்டறையில எல்லா இடத்தையும் தேய்ச்சேன். அதை மட்டும் தேய்க்கலை. இந்த வீட்டுல யாரோ ஒருத்தரோடதுன்னு விட்டுட்டேன்."

அம்மாள் எழுந்திருக்கவில்லை. பல் முளைக்கிற காலத்தில் வீட்டையே கடித்துவைத்தவள் என்று அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார் என்று, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். எங்கே கடித்தோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாலீஷ்காரரை நிமிர்ந்து பார்த்து மன்னிப்புக் கேட்டார். எழுத்தர் காகிதங்களை எடுத்து இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். பட்டறைச் சொந்தக்காரரிடம் போகிற வழியில் தானே பேசிவிடுவதாகவும் சொன்னார்.

"இவ்வளவு பெரிய சாட்சியைக் கையில வெச்சுக்கிட்டு ஏன் சார் சும்மா நின்னீங்க?" என்று வாலு பாலீஷ்காரரைக் கேட்டாள். அவள் யாரையும் அவ்வளவு சீக்கிரம் சார் என்று கூப்பிடுகிறவள் அல்ல.

பாலீஷ்காரர் சம்பந்தியின் முதுகைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது அசல்னு சொன்னா அந்தப் படம் பொய்யின்னு ஆயிடும்மா. என் பேர்ல பழி வந்தா என் பொண்ணு நாலு நாள் அழுவா, அப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னு அவளுக்குத் தெரியும். அவர் பேர்ல வந்தா, அவ அந்த வீட்டுலதான் தினம் எழுந்திருக்கணும். மாமனாரைத் தலைகுனிய வெச்சவன் பொண்ணுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா? அவர் நல்ல மனுஷன். அவளை ஒரு நாளும் முகம் வாட விட்டதில்லை."

ஜன்னல் பக்கம் நின்றவரின் தோள் குலுங்கியது. பாலீஷ்காரர் போய் அந்தத் தோளில் கை வைத்தார். "விடுங்க சம்பந்தி. வலது பக்கம் நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. அந்தப் பூச்சிக் கடியை நானே கவனிக்கலை, அன்னிக்கு இங்க உங்க படத்தைப் பார்த்துட்டுத்தான் அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சுது."

ஊசி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். ஒரு படத்தை எப்படிப் பாராட்ட வேண்டும் என்று அந்த ஆள் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். தான் பத்து நிமிஷம் பேசிய பேச்சு காதில் ஒலித்தது. அதில் இலைகளைவிடத் தன் கண்களைத்தான் அதிகம் புகழ்ந்திருக்கிறோம் என்று இப்போது புரிந்தது.

அவர் நிலைக்கண்ணாடியின் முன்னால் போனார். கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது, அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மெல்ல, ஒவ்வொரு முழங்காலாக மடித்து, தரையில் மண்டியிட்டார். இரண்டு மூட்டும் கூடத்துக்கே கேட்கும்படி சொடக்கிட்டன. ஊசி இடது பறவையின் வாலுக்குப் பின்னால் விரலை விட்டார். நாலு சின்னக் குழிகள், வார்னீஷ் படிந்து வழவழப்பாக இருந்தன. கண்ணுக்குத் தெரியாத இடம்தான். கை வைத்தால் ஒரு கணத்தில் தெரிந்திருக்கும்.

"மன்னிச்சுடுங்க" என்றார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இன்னொரு தடவை முயன்றார், முடியவில்லை. அப்போது அவர் முகத்துக்கு நேராக ஒரு கை நீண்டது. நகக்கண்ணெல்லாம் கறுத்த, பாலீஷ் வாசனை போகாத கை.

"மெதுவா சார். என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்றார் பாலீஷ்காரர்.

அந்தக் கையைப் பிடிக்க ஊசிக்கு வெட்கமாக இருந்தது. பிடிக்காமல் எழுந்திருக்கவும் அவரால் முடியவில்லை.